எட்டு இடங்களில் சிவப்பு டேக்

சரவணா,

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் உன் விடுதிக்கு வந்திருக்கும். அதை இப்போது பிரிக்காதே. முதலில் இதைக் கடைசி வரை படி. படித்து முடித்ததும் போனை எடுத்து, "பரவாயில்லப்பா" என்று ஆரம்பிப்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அது ஒரு கெட்ட பழக்கம். அந்தச் சொல்லுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்றுதான் எதிரில் உட்கார்ந்து பேசாமல், முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டைத் தவிர வேறு எதையும் எழுதாத கையால் இதை எழுதுகிறேன். இன்னும் பதினேழு நாளில் நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய். அதற்கு முன் ஒரு காரியம் நடந்தாக வேண்டும். அது நடக்காமல் நீ ஏறக்கூடாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். அடுத்த மாதம் அச்சில் வரப்போகிறதே உன் கட்டுரை, அதில் உள்ள அட்டவணை தவறு. எட்டு இடத்தில் தவறு. அதைத் தவறாக்கியவன் நான். கை தவறிச் செய்யவில்லை. பார்த்து, யோசித்து, மாற்றினேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ நான்கு வருடமாகத் தேடிய சாமான் அந்த எட்டு இடத்தில்தான் இருந்தது. அதை உன் கண்ணில் படாமல் செய்தவன் உன் அப்பன்.

கோபம் வரும். வரட்டும், பாதகமில்லை. ஆனால் இது எப்படி நடந்தது என்று நீ வரிசையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஐந்து வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. மெக்கானிக்கல் முடித்து, இதே ஓசூரில் நல்ல கம்பெனியில் டிசைன் பிரிவில் பதினான்கு மாதம் வேலை பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "அப்பா, நான் பழைய பாஷை படிக்கப் போறேன்" என்றாய். சமஸ்கிருதம் என்றதும் எனக்குப் பாதி மூச்சு போனது. அதோடு கூடப்பிறந்த பழைய ஈரானிய மொழியும் என்றதும் மீதியும் போனது. "அந்த பாஷையில பேசறதுக்கு ஒருத்தனாவது உசுரோட இருக்கானாடா?" என்று கேட்டேன். "இல்லப்பா" என்றாய். "அப்புறம் யாருகிட்டப் போய் வேலை கேப்ப?" உன் அம்மா சிரித்துவிட்டாள். நீயும் சிரித்தாய். நான் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று வாரம் உன்னோடு பேசவுமில்லை. அந்த மூன்று வாரத்துக்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

கம்பெனியில் என்ன சொன்னேன் தெரியுமா? "பையன் பெங்களூர்ல ஆராய்ச்சி பண்றான். டேட்டா சம்பந்தமா" என்றேன். டேட்டா என்ற சொல்லை எங்கே பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் நன்றாக வேலை செய்தது. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். என் இன்ஸ்பெக்ஷன் பிரிவிலேயே இருக்கும் நஞ்சப்பாவை உனக்குத் தெரியும். தளி பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம், மாமனார் வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் மூன்றும். அவன் தன் அக்கா மகனுக்கு உன் 'டேட்டா கம்பெனி'யில் வேலை கேட்டு ஒரு வருடம் என்னைத் துரத்தினான். "சொல்லி வச்சிருக்கேன்" என்று ஒரு வருடம் சமாளித்தேன். பெற்ற பிள்ளை என்ன படிக்கிறான் என்று சொல்ல வெட்கப்பட்ட அப்பனாக நான் இருந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியதில் அது சின்னது. பெரியது இனிமேல் வருகிறது.

என் மனசு திரும்பியது பாரூரில்தான். அம்மாவின் பிறந்த ஊருக்கு மார்கழியில் போயிருந்தபோது, வருடத்திலேயே குறுகிய பகல் இன்றுதான், ஏரிக்கரைக்குப் போவோம் வாங்க என்று இருட்டிலேயே எழுப்பினாய். சூரியன் முளைத்த நேரத்தையும் விழுந்த நேரத்தையும் என் கைக்கடிகாரத்தில் குறித்தோம். நடுவில் மாமன் வயலில் கரும்பு தின்றோம். மலை மறைத்த சில நிமிடம் போக, பதினொன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஆனியில் மேகமில்லாத ஒரு நாள் பார்த்து மறுபடி போனோம். பன்னிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஒன்றரை மணி நேர வித்தியாசம், அவ்வளவுதான். அப்போதுதான் நீ உன் படிப்பை எனக்கு முதல்முறையாகப் புரியும்படி சொன்னாய். பகலும் இரவும் சேர்ந்து முப்பது முகூர்த்தம். நம் பக்கத்துப் பழைய நூல்களில் நீண்ட பகல் பதினெட்டு, குறுகிய பகல் பன்னிரண்டு என்று இருக்கிறது. ஈரானியர்களின் பழைய நூலிலோ நீண்ட பகல் குறுகிய பகலைப் போல் இரண்டு மடங்கு. அதே முப்பதில் சொன்னால் இருபதும் பத்தும்.

நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பதில் பதினெட்டு என்றால் பதினாலு மணி நேரத்துக்கு மேலே பகல். பாரூரில் எங்கே இருக்கிறது அவ்வளவு பகல்? "அப்ப அந்தக் காலத்து ஆளுங்க தப்பா அளந்துட்டாங்களா?" என்றேன். நீ சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது. "நம்ம ஊருக்குத் தப்புப்பா. வடக்க எங்கயாச்சும் அளந்திருந்தா சரியா வரலாம். இல்ல, வேற ஆளுங்ககிட்ட வாங்கின கணக்கா இருக்கலாம். தப்புன்னு ஒதுக்கிட்டா எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாமலே போயிடும்." அன்றைக்கே சொல்லிவிட்டாய், பார். நான்தான் காதில் வாங்கி ஏரியில் விட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில் குருபரப்பள்ளியில் டீ குடித்தபோது இன்னொன்றும் சொன்னாய். நாம் தேவர் என்று கும்பிடுகிற அதே சொல் ஈரானியர்களிடம் பேய்க்குப் பெயர். நாம் அசுரன் என்று விரட்டுகிற சொல்லின் உடன்பிறப்பு அங்கே கடவுளுக்குப் பெயர் என்று. "நானும் எங்க அண்ணனும் பாகம் பிரிச்ச கதை மாதிரியே இருக்கே. அவரு வீட்டுல நான் பேய், நம்ம வீட்டுல அவரு பேய்" என்றேன். நீ டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தாய். அடுத்த நாள் கம்பெனியில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்று இருந்தது எனக்கு. யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லும் நேர்மையும் எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு வந்தது போன வருடம் ஆடி மாதம். லாரிக்கு ஒதுங்கப் போய் சர்வீஸ் ரோட்டு ஜல்லியில் வண்டி சறுக்கி, உன் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுரைக்கான அட்டவணையை முடிக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பகலின் நீளத்தைச் சொல்லும் அந்தச் சின்ன நூலின் பதினொரு பிரதிகளை, ஊர் ஊராகப் போய், போட்டோ எடுக்க விடாத நூலகங்களில் கூட உட்கார்ந்து, கையால் எழுதி வந்திருந்தாய். ஒரு பிரதிக்கு ஒரு நோட்டு. இடது பக்கம் நூலின் வரிகள். வலது பக்கம் கட்டம் போட்டு, பன்னிரண்டு மாதத்துக்கும் பகல் எத்தனை முகூர்த்தம் என்ற எண்கள். "படியெடுக்கும்போது யோசிக்கக்கூடாதுப்பா. இருக்கிறத எழுதணும், அவ்வளவுதான்" என்பாய். அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உனக்கு உதவுகிறேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன் படிப்பில் என் கையும் இருக்கட்டும் என்று நினைத்தேன். இருந்துவிட்டது.

முதல் மூன்று நோட்டில் எல்லாம் ஒழுங்காக வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று ஏறி, பதினேழுக்குப் பின் பதினெட்டைத் தொட்டு, மறுபடி ஒவ்வொன்றாக இறங்கும். நான்காவது நோட்டில் பதினேழுக்குப் பக்கத்தில் இருபது. கீழே பதின்மூன்றுக்குப் பக்கத்தில் பத்து. எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொன்றாக ஏறுகிற வரிசையில் இருபது எப்படி வரும்? பிள்ளை பசியில், தூக்கக் கலக்கத்தில் தப்பாக எழுதிவிட்டான் என்று முடிவு செய்தேன். இருபதைப் பதினெட்டாக்கினேன், பத்தைப் பன்னிரண்டாக்கினேன். ஆறாவது நோட்டிலும் அதே. ஒன்பதிலும் அதே. பத்திலும் அதே. நான்கு நோட்டில், ஒரே இடத்தில், ஒரே தவறு. ஒரு இன்ஸ்பெக்டருக்கு அங்கே மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ஏனென்றால் நான் அப்போது எண்ணைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். உன் பேராசிரியர் நாலு பேர் முன்னால் "இதுகூடத் தெரியாதா" என்று உன்னைக் கேட்டுவிடக்கூடாது என்று பார்த்தேன். மத்தியானம் மூன்று மணி. நீ பக்கத்து அறையில் கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று, வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

எழுந்து வந்து, "செக் பண்ணிட்டீங்களாப்பா?" என்றாய். "ரெண்டு தடவை" என்றேன். அது பொய் இல்லை. உன் அம்மாவிடம் திரும்பி, "அப்பா பார்த்தா மறுபடி பாக்க வேணாம்மா" என்றாய். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மெடல் அது ஒன்றுதான். கம்பெனியில் கொடுத்த சால்வையும் கடிகாரமும் அதன் பக்கத்தில் வராது.

தீபாவளிக்கு வந்தபோது உன் முகம் வாடியிருந்தது. "பதினொன்னும் ஒரே மாதிரிதான் இருக்குப்பா. ஈரான் பக்கத்துக் கணக்கு நம்ம பக்கம் வந்து போன தடம் ஒரு ஏட்டுல கூட இல்ல. இவ்வளவு நாள் தேடினதுக்கு, 'இல்ல'ங்கிறதுதான் பதில்" என்றாய். நான் உன் தோளைத் தட்டி, "இல்லன்னு தெரிஞ்சுக்கிறதும் ஒரு ரிசல்ட்தான்டா" என்றேன். ஞானி மாதிரி சொன்னேன். நீயும் அதை நம்பி, அப்படியே கட்டுரையை எழுதினாய். பெரியவர்கள் பாராட்டினார்கள். அதைக் காட்டித்தான் ஜெர்மனியில் ஒரு வருட ஆராய்ச்சிக்கு உனக்கு இடம் கிடைத்தது. தின்பதற்கு இருந்த பழத்தை மறைத்து வைத்துவிட்டு, பட்டினியாக இருந்ததற்குப் பாராட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இதெல்லாம் எனக்கு எப்போது புரிந்தது என்று கேட்பாய். நான் ஓய்வு பெற்றதற்கு வீட்டில் சாப்பாடு போட்டோமே, அன்றைக்கு. இலையில் உட்கார்ந்ததும் நஞ்சப்பா உன்னைப் பிடித்துக்கொண்டான். "ஏனப்பா சரவணா, அஞ்சு வருசமா டேட்டா டேட்டான்னு உங்கப்பன் எங்க காத அடைச்சுட்டான். அது இன்னா டேட்டான்னு இன்னிக்காவது சொல்லிடு." நீ என்னைப் பார்த்தாய். நான் பொரியலைப் பார்த்தேன். என்னைக் காட்டிக் கொடுக்காமல், அவனுக்குப் புரியும்படி ஆரம்பித்தாய். "அண்ணே, உங்க அலுமினியம் பீஸ் அடிக்கிற அச்சுல ஒரு இடத்துல சொட்டை இருந்தா என்ன ஆகும்?"

"அதுல அடிக்கிற அத்தன பீஸ்லயும் அதே எடத்துல அதே சொட்டை வரும். பீஸப் பாத்தே எந்த அச்சுன்னு சொல்லிடுவன்" என்றான் நஞ்சப்பா.

"அதேதான் நான் பண்றதும். பழைய ஏடுங்கள ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதினாங்க. நாலு ஏட்டுல ஒரே எடத்துல ஒரே தப்பு இருந்தா, நாலும் ஒரே மூலத்துல இருந்து வந்துச்சுன்னு அர்த்தம். சரியா இருக்கிறது எதுவும் சொல்லாதுண்ணே. தப்புதான் எங்களுக்குச் சாட்சி."

நஞ்சப்பா கையைத் தொடையில் தட்டி, "அப்ப நீயும் நம்ம டிபார்ட்மெண்டுதான்னு சொல்லு!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த நான்கு நோட்டும் கண் முன்னால் வந்து நின்றன. நான்கில் ஒரே இடம். இருபதும் பத்தும். இரண்டு மடங்கு. பாரூர் ஏரிக்கரையில் நீ சொன்ன அதே ஈரானியக் கணக்கு. "இன்னாங்க, ரசம் இலைய விட்டு ஓடுது, பாத்துக்கினே இருக்கீங்க" என்று அம்மா அதட்டியது நினைவிருக்கிறதா? சாப்பாடு அதிகம், தலை சுற்றுகிறது என்று சொல்லி எழுந்து போனேன். தலை சுற்றியது உண்மைதான்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. நீ பெங்களூருக்கும் ஓசூருக்குமாக விசாவுக்கு அலைந்தாய், ஸ்வெட்டர் வாங்கினாய், அம்மா பருப்புப் பொடி இடித்தாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இடம் போய்விடுமே என்று உனக்காகப் பயந்தேன் என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. "அப்பா பார்த்தா மறுபடி பாக்க வேணாம்" என்ற அந்த ஒரு வாக்கியத்தை இழக்க எனக்கு மனசு வரவில்லை. அதுதான் முழு உண்மை. உன் நான்கு வருட உழைப்பைவிட என் மெடல் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

காவேரிப்பட்டினத்து மாதேசனை உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். எங்கள் லைனில் ஆபரேட்டர், என் வயது ஆள், நல்ல வேலைக்காரன். ஒரு நாள் நான் தள்ளி வைத்த பீஸ்களில் முப்பதை எடுத்து, விளிம்பில் இருந்த பிசிறை அரத்தால் ராவி, நல்ல பீஸ் பெட்டியில் போட்டுவிட்டான். எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தள்ளின பீஸைச் சரி செய்வது குற்றமில்லை. ஆனால் சரி செய்தால் சிவப்பு டேக் கட்ட வேண்டும்: என்ன குறை, யார் கை வைத்தது, யார் திரும்பப் பார்த்தது. மாதேசன் டேக் கட்டவில்லை. நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் அறைக்கு வெளியே இருக்கும் மரப் பெஞ்சில் அவன் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "சார், அளந்து பாருங்க சார். பீஸ் நல்லாத்தான இருக்குது? லைன் நிக்கக்கூடாதேன்னுதான் பண்ணன்" என்றான். நான் சொன்னேன்: "நல்லா இருக்குதா இல்லையாங்கிறது அப்புறம் மாதேசா. நீ தொட்டது எனக்குத் தெரியணும்." மூன்று நாள் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் மனைவி நம் வீட்டு வாசலில் வந்து அழுதாள். நான் அசையவில்லை.

போன வாரம், நீ வீட்டில் விட்டுப் போன நோட்டுகளைத் தரையில் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தபோது உன் அம்மா பார்த்துவிட்டாள். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். "மாதேசன் பொண்டாட்டி இந்த வாசல்ல நின்னு அழுதப்ப நீங்க இன்னா சொன்னீங்க, நெனப்பு இருக்குதா? அவனுக்கு ஒரு நாயம், உங்களுக்கு ஒரு நாயமா?" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, முதல் நோட்டைக் கையில் எடுத்து, "படிக்கிறன், டிக் போடுங்க" என்றாள்.

பதினொரு நோட்டையும் நீ எழுதியபடியே அவள் படிக்க, நான் உன் அட்டவணையோடு ஒத்துப் பார்த்தேன். மறுநாள் நான் படிக்க, அவள் பார்த்தாள். மூன்றாம் நாள் கடைசி நோட்டிலிருந்து பின்பக்கமாக வந்தோம். மூன்று தடவையும் அதே எட்டு இடம். வேறு பிழை இல்லை. நான்காவது நோட்டில், இருபது என்ற எண்ணுக்கு எதிரே ஓரத்தில், பென்சிலில் பொடி எழுத்தில் நீ ஒன்று எழுதி வைத்திருக்கிறாய்: 'ஏட்டில் இப்படியேதான் இருக்கிறது.' நீ முதல் வருடம் எழுதிய நோட்டு அது, உனக்கே மறந்திருக்கும்; மற்ற மூன்றையும் நீ சொன்ன மாதிரியே யோசிக்காமல் படியெடுத்திருப்பாய். நான் அன்று கட்டத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அந்த வரியை உன் அம்மா வாசித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள்.

நஞ்சப்பாவிடம் எட்டு சிவப்பு டேக் கொண்டுவரச் சொன்னேன். "ரிட்டயர் ஆயிட்டு வீட்ல யார ரிஜெக்ட் பண்ணப் போற?" என்றான். "என்னைத்தான்" என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். அப்புறம் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டேட்டா கதையையும் சேர்த்து. கன்னடத்தில் ஏதோ திட்டினான். எனக்கு அது வேண்டியதுதான்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நான் உன்னிடம் யோசனை கேட்கவில்லை. முதலில் உன் பேராசிரியரிடம் போ. பிறகு அந்தப் பத்திரிகைக்கு எழுதி, கட்டுரையை நிறுத்தச் சொல். உன்னை எனக்குத் தெரியும். 'படியெடுத்ததில் என் பிழை' என்று எழுதிவிட்டு என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். அதைச் செய்யாதே. நான் உன் மானத்தைக் காப்பாற்றப் போய்த்தான் இந்தக் கதி. நீயும் அதே வேலையை எனக்குச் செய்தால், அப்பனும் பிள்ளையும் மாறி மாறிப் பிசிறு ராவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். யார் மாற்றினார்கள், எந்த எட்டு இடம், எதிலிருந்து எதுவாக, ஏன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பார்சலில் வைத்திருக்கிறேன். அதை அப்படியே அவர்களுக்கு அனுப்பு. அதே சமயம் ஒன்றை நீ எழுதத்தான் வேண்டும்: அப்பா ஏற்றிக் கொடுத்ததை நான் திரும்பப் பார்க்கவில்லை என்று. அந்தப் பங்கு உன்னுடையது. அதை நான் வாங்கிக்கொள்ள முடியாது.

ஜெர்மனி இடம் போய்விடுமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. போகலாம். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு நெஞ்சு வலிக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பொய்யான எண்ணைக் காட்டி வாங்கிய இடத்தில் நீ ஒரு வருடம் நிம்மதியாகத் தூங்க மாட்டாய். ஸ்வெட்டர் பெட்டியிலேயே இருக்கட்டும். பருப்புப் பொடியை நான் தின்கிறேன். நீ இன்னும் இரண்டு வருடம் படித்தாலும் என் பென்ஷனும் அம்மாவின் பொறுமையும் தாங்கும்.

இன்னொன்று. இருபதும் பத்தும் கிடைத்துவிட்டது என்று நீ துள்ளிக் குதிக்கவும் கூடாது. நீ சொல்லிக் கொடுத்ததை வைத்தே சொல்கிறேன். அந்த நான்கு ஏடும் ஒரே மூலத்தில் வந்தவை என்பதற்கு அது சாட்சி. அந்த மூலத்தில் இருபது எப்படி ஏறியது என்பது வேறு கேள்வி. ஈரான் பக்கத்துக் கணக்குத் தெரிந்த ஒருவன் எழுதியிருக்கலாம். என்னைப் போல் ஒரு புத்திசாலி, தனக்குச் சரியென்று பட்டதை எழுதிவிட்டும் போயிருக்கலாம். பல நூறு வருடத்துக்கு முன்னாலும் எவனோ ஒரு அப்பன் தன் பிள்ளையின் ஏட்டைத் திருத்தியிருப்பான். அவன் டேக் கட்டவில்லை. அதனால்தான் நீ இன்று இப்படி அலைகிறாய். நான் கட்டியிருக்கிறேன். எனக்கும் அவனுக்கும் அந்த ஒரு வித்தியாசமாவது இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் பெங்களூர் வருகிறேன். வராதீர்கள் என்று சொல்லாதே, முன்கூட்டியே டிக்கெட் எடுக்கிற தூரமா இது. உன் பேராசிரியர் அறைக்குள் நீ மட்டும் போ. வெளியே பெஞ்ச் ஏதாவது இருக்கும். நான் அதில் உட்கார்ந்திருப்பேன். அவர் கூப்பிட்டால் உள்ளே வந்து என் வாயால் சொல்வேன். கூப்பிடவில்லை என்றால் மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கிறேன். மாதேசன் உட்கார்ந்திருந்தானே.

இப்போது பார்சலைப் பிரி. நான்கு நோட்டிலும் எட்டு எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு டேக் கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு டேக்கிலும் மூன்று வரி. என்ன குறை என்ற வரியை நிரப்பிவிட்டேன். யார் கை வைத்தது என்ற வரியில் என் பெயரை முழுசாக எழுதியிருக்கிறேன். திரும்பப் பார்த்தவர் என்ற மூன்றாவது வரி காலியாக இருக்கிறது. நானும் அம்மாவும் மூன்று தடவை பார்த்தோம் என்று சொன்னேன் அல்லவா, அது கணக்கில் வராது. அந்தந்த ஊருக்கு மறுபடி போய், அந்தந்த ஏட்டை மறுபடி கேட்டு வாங்கி, உன் கண்ணால் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அந்த வரியில் உன் பெயரை எழுது.

அப்பா பார்த்தாலும் மறுபடி பார்க்க வேண்டும், சரவணா.

உன் அப்பா